தள்ளியவன் வேறு, விழுந்தவன் வேறு

“மாமா, கார்டு போயிடுச்சாம். புதுசு போட 28,000 ரூபாய் ஆகும்னு கடையில சொல்றாங்க. அப்பாகிட்ட இன்னும் சொல்லல.”

மே மாதத்தில் ஓர் இரவு, திருச்சியிலிருந்து அக்கா மகன் பேசினான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். அவன் சொன்னது தன் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டை. அந்தக் கம்ப்யூட்டர் அவனுக்கு விளையாட மட்டும் அல்ல. கல்லூரிக்கான முப்பரிமாண வரைபடங்களைப் போடுவதும் அதில்தான். அத்தான் இரண்டு தீபாவளி போனஸைச் சேர்த்துவைத்து வாங்கிக் கொடுத்தது. கார் பந்தய விளையாட்டைத் திறந்து கொஞ்ச நேரம் ஓட்டினால், திடீரென்று எல்லாம் இருண்டுவிடுகிறது. சில நாள் விளையாட்டு மட்டும் தானாக மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் டிரைவர் பெயரைச் சொல்லி ஒரு செய்தி வருகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அங்கேயும் ஒருமுறை விளையாட்டு மூடிக்கொண்டது, அதே செய்தி வந்தது. கார்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

“எதையும் வாங்காதே. சனிக்கிழமை வர்றேன்” என்றேன்.

பாதி ஆட்டத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எதையும் வாங்காதீர்கள். இருபது வருடங்களுக்கு மேலாகக் கேபினட்டைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறவன் நான். திரையில் வரும் செய்தி விழுந்தவனின் பெயரைத்தான் சொல்லும். தள்ளியவன் பெரும்பாலும் வேறு எங்கோ நிற்பான்.

இதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் 2022 அக்டோபரிலும், 14-ம் தலைமுறை 2023 அக்டோபரிலும் வந்தன. அவற்றில் உயர்ந்த ரகமான 13900கே, 14900கே வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் எஞ்சினில் செய்யப்பட்ட விளையாட்டுகள் தொடங்கும்போதே செத்து விழுந்தன. திரையில் வந்த செய்தி, விடியோ மெமரி போதவில்லை என்பது. அதைப் படித்தவர் என்ன செய்வார்? கார்டைத்தான் சந்தேகிப்பார். 24 ஜிபி மெமரி உள்ள கார்டு வைத்திருந்தவருக்கும் அதே செய்தி. டிரைவரை அழித்து மறுபடி போட்டார்கள். கார்டையே மாற்றிப் பார்த்தார்கள். தீரவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. விளையாட்டின் கோப்புகள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆட்டம் தொடங்கும்போது அவற்றை விரிப்பது பிராசஸரின் வேலை. அந்தக் கணக்கில் பிராசஸர் தப்பு செய்தது. தப்பாக விரிந்த தகவல் கார்டுக்குப் போக, கார்டு தடுமாறியது. செய்தியில் கார்டின் பெயர் வந்தது. கோப்பு விரிக்கும் மென்பொருளை எழுதிய ராட் கேம் டூல்ஸ் நிறுவனம் 2024 தொடக்கத்தில் இதை வெளிப்படையாகச் சொன்னது. இன்டெல் 2024 ஆகஸ்ட்டில் ஒரு மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது, செப்டம்பரில் இன்னொன்று. பிராசஸருக்குள் தேவைக்கு மேல் ஏறிய வோல்டேஜ் ஒரு பகுதியை மெல்ல மெல்லத் தேய்த்துவிட்டது என்பதுதான் அது ஒப்புக்கொண்ட காரணம். வாரன்டியை இரண்டு வருடம் நீட்டிக் கொடுத்தது. ஏற்கெனவே தேய்ந்துபோன பிராசஸரை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். அந்தத் தலைமுறை பிராசஸர் வைத்திருக்கிறவர்கள் மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்து அந்தத் திருத்தத்தைப் போட்டுவிட்டார்களா என்று இன்றைக்கே பார்த்துக்கொள்வது நல்லது.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் எனக்குப் பிடிக்கும். 2005-ல் வந்த கில்ட் வார்ஸ் என்ற இணைய விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பேட்ரிக் வையட் 2012-ல் எழுதியது. விளையாட்டு செத்துப்போன இடங்களைப் பற்றி வந்த அறிக்கைகளில் சில, அவர்களுடைய நிரலில் நடக்கவே முடியாதவையாக இருந்தன. உடன் பணியாற்றிய மைக் ஓ’பிரையன் ஒரு வழி கண்டுபிடித்தார். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, விடை தெரிந்த கணக்குகளைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் போடச் சொல்வது. வந்த விடையைச் சரியான விடையோடு ஒப்பிடுவது. ஏறக்குறைய 100 கம்ப்யூட்டருக்கு ஒன்று, கணக்கைத் தப்பாகப் போட்டது. வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றிய பிராசஸர், மெமரியின் தப்பான அமைப்பு, சக்தி போதாத எஸ்.எம்.பி.எஸ். (கேபினட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), சூடு. அவர்கள் கண்ட காரணங்கள் இவைதான். பாட்டுக் கேட்கும்போதும் கடிதம் எழுதும்போதும் அந்தக் கம்ப்யூட்டர்கள் சாதுவாகத்தான் இருந்திருக்கும். விளையாட்டுதான் கம்ப்யூட்டரின் எல்லா உறுப்புகளையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குகிறது. அதனால்தான் மறைந்திருக்கும் நோய் அங்கே வெளியே வருகிறது.

சனிக்கிழமை மதியம் திருச்சி போய்ச் சேர்ந்தேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே அவன் அறை. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 37 டிகிரி காட்டியது.

கேபினட்டைத் தொடுவதற்கு முன் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“எல்லாம் இருண்டு போகுதுன்னியே, அப்ப மானிட்டர்ல கீழ எரியுற சின்ன லைட் இருக்கா, அதுவும் போயிடுதா?”

யோசித்தான். “கவனிக்கல மாமா.”

இந்தக் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. கம்ப்யூட்டர் எப்படிச் செத்தது என்பதே பாதி விடை. திரை கறுத்து, ஆனால் காதில் சத்தம் தொடர்ந்து, கார்டின் ஃபேன் மட்டும் பேய்போல் சுற்றினால் பார்வையைக் கார்டின் பக்கமும் அதற்குப் போகும் மின் கேபிளின் பக்கமும் திருப்பலாம். படம் உறைந்து, கடைசிச் சத்தம் ‘ர்ர்ர்’ என்று சிக்கிக்கொண்டு நின்றால் பிராசஸரோ ரேமோ காரணமாக இருக்கலாம். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு மற்றதெல்லாம் நன்றாக இருந்தால், அது எதுவாகவும் இருக்கலாம். இருப்பதிலேயே சிரமமான வகை அதுதான். சுவிட்சைத் தட்டியதுபோல் மொத்தமும் அணைந்தால் மின்சாரம் வரும் பாதையை முதலில் பார்க்க வேண்டும். மானிட்டரின் விளக்கும் கூடவே அணைந்தால், குற்றவாளி பெரும்பாலும் கேபினட்டுக்குள்ளேயே இல்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கெர்னல் பவர் 41 என்று வரிசையாகப் பதிவுகள் இருந்தன. இதைப் பார்த்துப் பயந்து எஸ்.எம்.பி.எஸ். மாற்றியவர்களை எனக்குத் தெரியும். முறையாக அணைக்கப்படாமல் கம்ப்யூட்டர் நின்றுபோனது என்பதை மறுபடி எழுந்தபின் விண்டோஸ் குறித்துவைக்கும் பதிவு அது. ஏன் நின்றது என்று அதற்கே தெரியாது. ஆனால் நின்றதும் உடனே மறுபடி போட்டிருந்தால், நின்ற நேரத்தை ஏறக்குறைய அது காட்டிவிடும். அந்த நேரங்களை ஒரு தாளில் எழுதினேன். இரவு 8:10, 8:05, 8:20, 8:10. ஒன்றுகூடப் பகலில் இல்லை.

எட்டு மணிக்கு விளையாட்டைத் திறக்கச் சொல்லிவிட்டு, நான் கட்டிலில் உட்கார்ந்து திரையைப் பார்க்காமல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு பத்துக்குக் கீழே அக்கா மோட்டார் போட்டாள். அறையின் டியூப்லைட் ஒரு கணம் மங்கியது. மேசைக்கு அடியில் யு.பி.எஸ். ‘டக்’ என்றது. கம்ப்யூட்டர், மானிட்டர், மானிட்டரின் சின்ன விளக்கு மூன்றும் சேர்ந்து அணைந்தன.

“மோட்டாரா!” என்றான் அவன்.

கோடையில் தொட்டி சீக்கிரம் காலியாவதால், ஏப்ரலிலிருந்து இரவிலும் ஒருமுறை மோட்டார் போட்டுக்கொண்டிருந்தாள் அக்கா. மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். வீட்டின் வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். யு.பி.எஸ். உடனே பேட்டரிக்குத் தாவுகிறது. அதன் வேலையே அதுதான். ஆனால் அது 600 வி.ஏ. யு.பி.எஸ். பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் 360 வாட் என்று போட்டிருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த வாட் மீட்டரைச் செருகிப் பார்த்தேன். பிரவுசர் மட்டும் திறந்திருந்தால் மானிட்டரோடு சேர்த்து 110 வாட். பந்தயம் ஓடும்போது 430-க்கு மேல். பாடம் படிக்கும்போது மோட்டார் போட்டால் யு.பி.எஸ். தாங்கிக்கொள்கிறது, விளையாடும்போது போட்டால் சுமை தாங்காமல் கையை விரித்துவிடுகிறது. அதனால்தான் ‘விளையாடினா மட்டும்தான் கிராஷ் ஆகுது’.

யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். முன்னதைப் பெரிதாக அச்சிடுகிறார்கள், பின்னது எங்கோ ஸ்டிக்கரில் இருக்கும். நம் ஊர்களில் கம்ப்யூட்டரோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கப்படும் சின்ன யு.பி.எஸ்., கணக்கு எழுதும் கம்ப்யூட்டருக்குப் போதும். 220 வாட் இழுக்கும் கார்டு உள்ள கம்ப்யூட்டருக்கு அது பாதுகாப்பு அல்ல, அதுவே ஆபத்து.

எஸ்.எம்.பி.எஸ். பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வேறு பல வீடுகளில் குற்றவாளி அதுதான். கிராபிக்ஸ் கார்டு மின்சாரத்தை ஒரே சீராகக் குடிப்பதில்லை. ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு, அட்டையில் போட்டிருக்கும் அளவைப் போல் இருமடங்குகூட இழுத்துவிட்டுத் தணியும். பழைய எஸ்.எம்.பி.எஸ். இதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, 100 மைக்ரோ நொடிகளுக்கு இருமடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான். அதே வருடம் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளின் 16 ஊசி இணைப்பு சில இடங்களில் உருகியது. இணைப்பு முழுதாக உள்ளே போகாமல் இருந்ததே பொதுவாகக் கண்ட காரணம் என்று என்விடியா சொன்னது. கேபிளைக் கடைசிவரை அழுத்திச் செருகுங்கள். கார்டில் இரண்டு இணைப்புகள் இருந்தால், ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகாமல் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களைக் கொண்டுவாருங்கள். காசில்லாத வைத்தியம் இது.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினோம். இரண்டு மணி நேரம் ஓடியது. அவன் முகம் மலர்ந்தது. பிறகு விளையாட்டு மூடிக்கொண்டது. கிராபிக்ஸ் டிரைவர் பதிலளிக்கவில்லை என்று அதே செய்தி.

“கார்டுதான் மாமா” என்று சோர்ந்துவிட்டான்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் பணத்தைத் தொலைக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு குறைதான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மோட்டார் கதை தீர்ந்தது, இது இன்னொரு கதை. முதல் குறை கூடவே இருந்தவரை இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

டிரைவர் பதிலளிக்கவில்லை என்பதற்கு ஓர் அர்த்தம் உண்டு. விண்டோஸ் கார்டுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு, வழக்கமாக 2 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் கார்டு உறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு டிரைவரை மறுபடி தொடங்கும். கார்டு கெட்டதால் பதில் வராமல் போகலாம். கார்டுக்குப் போன தகவலே குப்பையாக இருந்தாலும் பதில் வராது.

முதலில் எளியவற்றை முடித்தோம். டிரைவரைச் சுத்தமாக அகற்றிப் புதிதாகப் போட்டோம், விளையாட்டின் கோப்புகளைச் சரிபார்த்தோம், திரைமேல் மிதக்கும் துணைமென்பொருள்களை நிறுத்தினோம். ஒரே ஒரு விளையாட்டு மட்டும் தொல்லை கொடுத்தால் பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும். இவனுக்கு வேறு விளையாட்டும் மூடிக்கொண்டது.

சூடும் சந்தேகப் பட்டியலில் இருந்தது. ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளை ஓடவிட்டு வெப்பநிலையைப் பதிவு செய்தோம். பிராசஸர் 84 டிகிரி, கார்டு 81. அதிகம்தான், ஆனால் கொலைசெய்யும் அளவில்லை. இன்றைய பிராசஸர்களின் எல்லை பெரும்பாலும் 90-லிருந்து 100 டிகிரிக்குள் இருக்கும். எல்லையைத் தொட்டால் முதலில் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். எனவே வெறும் சூடு என்றால் சாவதற்கு முன் ஆட்டம் திக்கித் திணறும். இங்கே திணறலே இல்லை. இருந்தாலும் கேபினட்டைத் திறந்தோம். முன்பக்க வலையில் சாம்பல் நிறப் போர்வைபோல் தூசி. ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதச் சொன்னேன். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் தன் வேகத்துக்கு மேல் சுற்றி பேரிங் கெடும். சுவரை ஒட்டியிருந்த கேபினட்டை ஒரு முழம் முன்னே இழுத்து வைத்தோம். பிராசஸர் 76-க்கு இறங்கியது, கார்டு 74. கிராஷ் நிற்கவில்லை.

(2003-ல் நான் சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கிப் பொருத்திய முதல் கம்ப்யூட்டரும் இப்படித்தான் நடுநடுவே நின்றது. மாதக்கணக்கில் விண்டோஸைத் திட்டினேன். ஒருநாள் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் நான்கின் தலை உப்பி, ஒன்றிலிருந்து பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. அந்தக் காலத்தில் மோசமான கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பல மதர்போர்டுகளைக் கொன்றன. கண்ணால் பார்ப்பதைப் போன்ற சோதனை வேறில்லை என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.)

பதிவேட்டை மறுபடி படித்தேன். ஒருமுறை டிரைவர். ஒருமுறை விளையாட்டின் கோப்பு சிதைந்திருக்கிறது என்ற செய்தி. ஒருமுறை பிரவுசரின் ஒரு பக்கம் தானாகச் செத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர். எல்லோரும் மாற்றி மாற்றி விழுந்தால், அவர்கள் எல்லோரும் நிற்கும் தரையைப் பார்க்க வேண்டும். அந்தத் தரை ரேம்.

“கிராஷ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எதையாவது மாத்துனியா?”

“இல்ல மாமா.” கொஞ்ச நேரம் கழித்து, “மார்ச்ல இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டேன். ஆனா அதே கம்பெனி, அதே மாடல்தான்.”

அன்றிரவு பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு, விண்டோஸுக்குள் போகாமலே ஓடவிட்டோம். மெமரியின் ஒவ்வொரு அறையிலும் ஒரு வடிவத்தை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும் மென்பொருள் அது. நிதானமாக ஓடும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது ஒன்றுமில்லை. பத்தரை மணிக்கு முதல் சிவப்பு வரி வந்தது. பிறகு இரண்டு, ஏழு, பதினொன்று. 16 ஜிபியில் ஏதோ ஒரு மூலையில் சில எழுத்துகள் மாறிப் படிக்கப்படுகின்றன. கட்டுரை எழுதும்போது அந்த மூலைக்கு யாரும் போவதில்லை. விளையாட்டு போகிறது.

இங்கேயும் உடனே புது ரேம் வாங்கச் சொல்லவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாமலே போகும். பழைய ரேமை மட்டும் வைத்து ஓட்டினோம், பிழை இல்லை. புதியதை மட்டும் அதே துளையில் வைத்து ஓட்டினோம், பிழை இல்லை. இரண்டும் நல்லவை. சேர்த்து வைத்தால் மட்டும் சண்டை.

ரேமின் பெட்டியில் வேகம் 3600 என்று போட்டிருந்தது. டி.டி.ஆர்.4 ரேமுக்கு விதிமுறை வகுத்த அதிகபட்ச வேகம் 3200. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் பயாஸில் போட்டு, 1.2 வோல்ட்டுக்குப் பதில் பொதுவாக 1.35 வோல்ட் கொடுத்து ஏற்றிய வேகம். ஒரே பெட்டியில் ஜோடியாக விற்கப்படும் ரேம்கள் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. ஒரு வருட இடைவெளியில் வாங்கிய இரண்டு, மேலே ஒரே ஸ்டிக்கர் இருந்தாலும் உள்ளே வேறு சிப்பாக இருக்கலாம். அறை சூடேற ஏற, சேர்ந்து ஓடுவதற்கு இருந்த கொஞ்ச இடைவெளியும் குறைந்துவிடும். பயாஸில் 3600-ஐ 3200 ஆக்கினேன். அவ்வளவுதான் செலவு. ஆட்டத்தின் வேகத்தில் ஏற்பட்ட வித்தியாசம் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. மெம்டெஸ்ட் விடிய விடிய ஓடியது. காலையில் பிழைகள் என்ற இடத்தில் பூஜ்யம்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் முன் ஒரு நாளைக்குப் பத்துக் கம்ப்யூட்டர் வரும். திரையில் என்ன பெயர் வந்ததோ அதைச் சொன்னார். ராத்திரி முழுக்க ஒரு கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்க அவருக்கு நேரம் இல்லை. வீட்டில் இருக்கிற நமக்கு அந்த நேரம் இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் 28,000 ரூபாய் சின்னத் தொகை அல்ல. புதுக் கார்டு வந்திருந்தால் மறுநாளே அதுவும் எட்டு பத்துக்கு அணைந்திருக்கும். அந்தப் பையன் அத்தானின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பான்?

திங்கட்கிழமை 1100 வி.ஏ., 660 வாட் யு.பி.எஸ். ஒன்று வாங்கி வந்தோம். அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் வாங்கினோம். அன்று இரவு ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் பந்தயத்தில் மூன்றாவது சுற்றில் இருந்தான். கீழே அக்கா மோட்டார் போட்டாள். டியூப்லைட் மங்கி எரிந்தது. மேசைக்கு அடியில் ‘டக்’. திரையில் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.